திறந்த பாடத்திட்டமும் நம் பிள்ளைகளின் தேர்வும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கடந்த காலத்தின் அருமை பெருமைகளைப் பேசுவது வழக்கம். எங்களுக்கு முன்னர் பேசியோர் அப்பணியைச் செவ்வனே முடித்துவிட்டனர். ஆகவே நாங்கள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். சங்கம் தொடங்கிய நாளில் கல்விக் குழுவிடம் வந்த கேள்விகள், விடுதியில் இடம் உண்டா, உதவித் தொகை ஏன் இன்னும் வரவில்லை, சாதிச் சான்றிதழில் யாரிடம் கையொப்பம் பெறுவது என்பன. அக்கேள்விகள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் சென்ற ஆண்டு அவற்றோடு புதியதொரு கேள்வியும் வந்து சேர்ந்தது. எந்தப் பாடத்தையும் கட்டாயம் என்று சொல்லாத பல்கலைக் கழகம் ஒன்றில் இடம் கிடைக்குமானால், நம் பிள்ளை அங்கே போகலாமா, கூடாதா என்பதே அது.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிவிடுவோம். இது திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தைப் பற்றிய பேச்சன்று. 1985 இல் தோன்றிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2002 இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் அஞ்சல் வழியாகவும் தொலைவிலிருந்தும் கற்போருக்கானவை. அங்கே வாயில்தான் திறந்தது, பாடத்திட்டம் வகுக்கப்பட்டதே. நாம் பேசவிருப்பது இதற்கு நேர் எதிரானது. வாயில் மிக மிகக் குறுகியது. உள்ளே நுழைந்துவிட்டால் எதைப் படிப்பது என்பதை மாணவரே முடிவு செய்துகொள்ளலாம்.

நம் நாட்டு முறையை நீங்கள் அறிவீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, பதினைந்து வயதில், எந்தக் குரூப் என்று தீர்மானிக்கின்றனர். வணிகவியல் குரூப்பில் சேர்ந்தவர் மருத்துவத்தை அன்றே மறந்துவிட வேண்டியதுதான். கல்லூரிக்குப் போனால் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப் பாடம் என எல்லாம் முன்னரே அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கும். விருப்பப் பாடம் என்பதும் பெரும்பாலும் எந்த ஆசிரியர் ஓய்வாக இருக்கிறாரோ அவர் நடத்தும் பாடமாகவே முடிகின்றது.

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரில் உள்ள பிரவுன் பல்கலைக் கழகத்தில் நிலைமை வேறு. 1764 இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக் கழகம் 1969 ஆம் ஆண்டு முதல் திறந்த பாடத்திட்டத்தைக் கடைப்பிடித்து வருகின்றது. இளநிலைப் பட்டத்திற்கு முப்பது பாடங்களில் தேர்ச்சி வேண்டும். பருவத்திற்கு நான்கு பாடங்கள் என எட்டுப் பருவங்கள் படிப்பது வழக்கம். நான்காம் பருவம் முடிவதற்குள் ஒரு துறையைத் தமக்குரிய முதன்மைத் துறையாக அறிவித்து, அத்துறை கோரும் பாடங்களை முடிக்க வேண்டும். நன்றாக எழுதத் தெரியும் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். இவ்வளவே நிபந்தனை. கணக்குப் படித்தே ஆக வேண்டும், வரலாறு படித்தே ஆக வேண்டும் என்று சொல்வார் எவரும் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் இத்தகையதே.

இம்முறை எவரோ ஒரு தலைவர் மனமிரங்கி அளித்த கொடையன்று. அதே பல்கலைக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட், மாணவர் தாம் விரும்பியதைப் படிக்க வழி செய்ய வேண்டும் என்று 1850 லேயே அறிக்கை அளித்தார். அவர் பதவி விலகிய பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. நூறாண்டுக்கு மேல் கழித்து, ஐரா மேகசீனர், எலியட் மேக்ஸ்வெல் என்னும் இரு மாணவர்கள், தோழர்களுடன் சேர்ந்து தங்கள் பல்கலைக் கழகத்தின் கல்வி முறையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு நானூறு பக்க அளவில் ஓர் அறிக்கை எழுதினர். மாணவர் கூட்டங்கள், ஆசிரியர் விவாதங்கள் எனப் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்த பின்னரே 1969 மே மாதத்தில் புதிய முறை ஏற்கப்பட்டது.

இதனோடு சேர்த்து நம் மக்கள் நினைவில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு ஐந்து திங்களுக்கு முன்னர், 1968 டிசம்பரில், அங்கே பயின்ற கறுப்பின மாணவ மாணவியர் 65 பேர் வளாகத்தை விட்டு வெளியேறி அருகிலிருந்த கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் தங்கினர். நாட்டு மக்கள் தொகையில் தம் இனத்தார் பெற்றுள்ள விகிதத்திற்கு ஏற்ப மாணவர் சேர்க்கையிலும் இடம் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. ஒரே கல்வியாண்டில், ஒரே வளாகத்தில், ஒரு சாரார் எதைப் படிப்பது என்பதற்காகப் போராடினர். இன்னொரு சாரார் யார் படிப்பது என்பதற்காகப் போராடினர். இடஒதுக்கீட்டின் அருமை அறிந்த நமக்கு இரண்டாவது போராட்டத்தின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. முதற் போராட்டம் நமக்கு எதற்கு என்று எண்ணுவோர்தாம் நம்மிடையே பலர்.

அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் கல்வி வரலாற்றையே விடையாக வைக்கின்றோம். பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவருக்கு அம்மொழியைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்தமையால் பாரசீகம் படிக்க நேர்ந்தது. பாடத்திட்டத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. பின்னர் 1913 இல், பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித் தொகையுடன் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் முதுநிலை மாணவராகச் சேர்ந்தார். பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கே அவருக்கு இருந்தது. அதை எவ்வாறு பயன்படுத்தினார் என்று பாருங்கள். பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவற்றோடு பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்க நிலையில் ஒவ்வொன்று. பொருளியல் மாணவராகச் சென்றவர் ஜான் டூயியின் தத்துவ வகுப்பிலும் அமர்ந்தார். கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கிலும் அமர்ந்தார். இந்தியாவில் சாதிகள் என்னும் புகழ்பெற்ற கட்டுரையை 1916 மே 9 ஆம் நாள் அவர் படித்தது அந்த மானிடவியல் கருத்தரங்கில்தான்.

எண்ணிப் பாருங்கள். பொருளியல் மாணவன் பொருளியல் மட்டுமே படிக்க வேண்டும் என்னும் வேலி அங்கே இருந்திருக்குமானால், அந்தக் கருத்தரங்கின் கதவை அவர் தட்டியிருக்கவே முடியாது. நம் வாழ்வை அழுத்தும் கேடு ஒரு துறைக்குள் அடங்குவதன்று. நிலமும் கூலியும் பொருளியலில் உள்ளன. தீட்டு சமயத்தில் உள்ளது. சேரியின் தண்ணீர்க் குழாய் பொறியியலில் உள்ளது. வன்கொடுமை வழக்கு சட்டத்தில் உள்ளது. இவற்றை ஒருங்கே காண விரும்பும் பிள்ளைக்குத் துறைச் சுவர்கள் தடையாகும்.

ஆயினும் அண்ணலை மேற்கோளாகக் காட்டிவிட்டு இறங்கிவிடுவது நேர்மையாகாது. அவர் கொலம்பியாவில் சேர்ந்தபோது பட்டதாரி, வயது இருபத்திரண்டு. தாம் எதைத் தேடி வந்தோம் என்பதை அறிந்தவர். பதினேழு வயதில் மேல்நிலைப் பள்ளியை முடித்துவிட்டுச் செல்லும் பிள்ளையின் நிலை அதுவன்று.

திறந்த பாடத்திட்டத்தில் கட்டாயம் எழுதி வைக்கப்படவில்லை; ஆனால் கட்டாயம் இல்லாமல் இல்லை. அது மறைந்து நிற்கின்றது. இயற்பியலோ பொறியியலோ படிக்க எண்ணுபவர் முதற் பருவத்திலேயே கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. அதை முடித்தால்தான் அதற்கடுத்தது. முதலாண்டில் மனம் போனவாறு எட்டுப் பாடங்களை எடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பொறியியலுக்கு வர எண்ணினால் காலம் கடந்திருக்கும். அங்கே பொறியியலில் இளம் அறிவியல் பட்டத்திற்கு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட பாடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. முப்பதில் இருபது போனால் மிஞ்சும் சுதந்திரம் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த மறைந்த கட்டாயங்களைப் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவர். எந்த ஆசிரியரிடம் படித்தால் பரிந்துரைக் கடிதம் நன்றாக வரும், எந்தப் பாடத்தை எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. நம் வீட்டில் அச்சொத்து இல்லை. பாடங்களை வரிசையாக அச்சிட்டுக் கையில் கொடுக்கும் நம் ஊர்க் கல்லூரி, குறைகள் பல இருப்பினும், இந்த ஒரு வகையில் நம் பிள்ளையையும் பேராசிரியர் பிள்ளையையும் ஒரே பாதையில் நடத்துகின்றது. இதனை நாம் மறுக்க இயலாது.

நம் பெரியோர் சிலர் இதைக் கேட்டவுடன், நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுதந்திரம் ஆகாது, கண்டிப்பான படிப்பே ஏற்றது என்கின்றனர். அக்கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. சுதந்திரம் ஆகாது என்பது நம்மைப் பற்றிப் பிறர் நெடுங்காலம் சொல்லி வந்த சொல்; அதை நாமே நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். வழி கேட்க ஆளின்றிக் காட்டில் விடாதீர்கள் என்பது வேறு. நடக்கத் தெரியாதவன் என்பது வேறு. ஆகவே நாம் ஆராய வேண்டியது, அந்தப் பல்கலைக் கழகத்தில் வழிகாட்டுவோர் உண்டா, பிள்ளை கூசாமல் அவரிடம் போய்க் கேட்குமா என்னும் இரண்டையுமே. பிரவுனில் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆசிரியரோ அலுவலரோ ஒருவர் ஆலோசகராக அமர்த்தப்படுகின்றார். மூத்த மாணவர்களும் வழிகாட்டுகின்றனர். ஆனால் ஆலோசகர் வாயில் தேடி வரமாட்டார். நாம்தான் போக வேண்டும். ஐயா கூப்பிட்டால்தான் அறைக்குள் போக வேண்டும் என்று பழகிய பிள்ளை, அங்கே கூப்பிடாமலே போகப் பழகியாக வேண்டும்.

மதிப்பெண் முறையையும் சொல்லிவிடுகின்றோம். அங்கே தேர்ச்சிக்கு மூன்று தரங்கள் உண்டு. தேறாத பாடம் வெளியே அனுப்பப்படும் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. விரும்பினால் தரமின்றித் தேர்ச்சி என்று மட்டும் குறிக்கும்படியும் ஒரு பாடத்தை எடுக்கலாம். நம் பிள்ளைகள் கடினமான பாடத்தின் பக்கமே போகாமைக்குக் காரணம் சோம்பலன்று. அரியர் விழுந்தால் உதவித் தொகை என்னாகும் என்னும் அச்சம். அவ்வச்சமின்றி ஒரு புதிய பாடத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளையைக் காட்டிலும் நமக்கே அதிகம் பயன்படும். ஆயினும், தேறாத பாடம் முப்பதில் சேராது. வேறொன்று படித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

இனிப் பணம். அங்கே ஓராண்டுச் செலவு தொண்ணூறாயிரம் டாலருக்கு மேல். நம் மக்கள் இத்தொகையைக் கேட்டதும் எழுந்து போய்விட வேண்டாம். 2025 இல் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி, வெளிநாட்டு விண்ணப்பதாரர்களையும் பணவசதி பாராமலே பிரவுன் தேர்ந்தெடுக்கின்றது. சேர்த்துக்கொண்டபின் குடும்பத்தால் இயன்றது போக எஞ்சியதை உதவியாக அளிக்கின்றது. ஆம்ஹர்ஸ்ட் இதனைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றது. எல்லாப் பல்கலைக் கழகங்களும் இவ்வாறல்ல. பெரும்பாலானவை, உதவி வேண்டும் என்று எழுதியவுடனேயே விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கக்கூடியவை. நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்தாறு பேருக்கே பிரவுனில் இடம் என்பதையும் மறவாதீர்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித் தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் உரியது; இளநிலைப் படிப்புக்கு அதை நம்பிப் போய்விடக் கூடாது. வீட்டையோ மனையையோ அடகு வைத்து இளநிலைப் பட்டத்திற்கு வெளிநாடு செல்வதை நாங்கள் எந்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். முழு உதவி இல்லையேல் வேண்டாம்.

எங்கள் மாலை வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தியின் நிலையைச் சொல்கின்றோம். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலைத் தொழிலாளி. அரசுப் பள்ளி மாணவர்க்கான ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் பெறத் தக்க மதிப்பெண் அவளுக்கு இருந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். அவளது விருப்பமோ வேறு. தந்தையின் கைகளில் ஏறிய இரசாயனம் எது, ஆற்று நீரில் கலப்பது எது, இவ்வேலைக்கு இன்னார்தாம் வர வேண்டும் என்று ஊரார் வைத்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பனவற்றை ஒன்றாகப் படிக்க வேண்டும் என்றாள். வேதியியல் ஆசிரியர், அது வரலாறு என்றாராம். வரலாற்று ஆசிரியர், அது வேதியியல் என்றாராம். திறந்த பாடத்திட்டம் யாருக்கு என்று எங்களைக் கேட்டால், இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்போம். கேள்வி அவளிடம் முன்னரே இருக்கின்றது, பாடம்தான் வேண்டும். தந்தை எங்களிடம், கையில் இருக்கிற சீட்டை விட்டுவிட்டுப் போவதா என்று கேட்டார். அவருடைய அச்சம் நியாயமானது. முழு உதவி எழுத்து மூலம் கைக்கு வரும்வரை பொறியியல் இடத்தை விட வேண்டாம், வந்தபின் தயங்கவும் வேண்டாம் என்றோம்.

இன்னொரு மாணவன், இன்ன துறை என்ற எண்ணம் ஏதுமின்றி, கட்டாயக் கணக்கு இல்லையாமே என்பதற்காக அங்கே செல்ல விரும்பினான். அவனுக்கு நாங்கள் வேண்டாம் என்றோம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நூலையேனும் எவரும் சொல்லாமல் கடைசிப் பக்கம் வரை படித்ததுண்டா என்று கேட்டோம்; இல்லை என்றான். தன்னைத்தானே நடத்திக்கொள்ளப் பழகாதவருக்கு முப்பது பாடங்களின் வெட்டவெளி நல்லதன்று. பழகிக்கொண்டு முதுநிலைக்குப் போகலாம். அப்போது அயல்நாட்டு உதவித் தொகையும் துணைக்கு வரும்.

திரும்பி வருவோரின் நிலையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவராக விரும்பும் பிள்ளை அங்கே இளநிலை படித்துப் பயனில்லை. இங்கேயே நீட் எழுதி எம்.பி.பி.எஸ். படிப்பதே நேர்வழி. அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கு முதன்மைப் பாடம் எது என்று கேட்பர்; பெயர் பொருந்தாவிட்டால் அலைய நேரும். ஐ.ஏ.எஸ். முதலிய தேர்வுகளுக்கு ஏற்கப்பட்ட பட்டம் எதுவாயினும் போதும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று பெறுவது குறித்துப் பல்கலைக் கழக மானியக் குழு 2025 இல் புதிய விதிகளை அறிவித்துள்ளது. புறப்படுவதற்கு முன்னரே அவற்றைப் படித்துக்கொள்வது நலம்.

சாதி அங்கே இராது என்று எண்ணிச் செல்ல வேண்டாம். ஊர் எது, வீட்டில் என்ன சமையல் என்று விசாரித்துச் சாதியை அறிந்துகொள்ளும் கலையை நம்மவர் கப்பலேற்றி நெடுநாளாயிற்று. அதனால்தான் 2019 இல் பிராண்டைஸ் பல்கலைக் கழகமும், 2022 டிசம்பரில் பிரவுன் பல்கலைக் கழகமும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதி என்னும் சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தன. மாணவர்கள் கேட்டதனால் சேர்ந்த சொல் அது. முறையிட ஓர் அலுவலகமும் எடுத்துக்காட்ட ஒரு விதியும் உள்ளன என்பதைச் செல்லும் பிள்ளை அறிந்து செல்ல வேண்டும். அப்பல்கலைக் கழகத்தின் தொடக்ககாலச் செல்வத்தில் அடிமை வணிகத்தின் பங்கு இருந்தது. அதனை ஆராய 2003 இல் குழு அமைத்தவர் அதன் தலைவராக இருந்த ரூத் சிம்மன்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. அறிக்கை 2006 இல் வெளிவந்தது. தன் பழியைத் தானே தேடிப் பார்த்த கல்விக்கூடம் என்பது எங்கள் மதிப்பில் ஒரு நற்சான்று.

நம் சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டில் இல்லாத சாப்பாட்டு மேசையைச் சங்கம் போட வேண்டும். நம்மில் பட்டம் பெற்று வெளியூர்களில் பணிபுரிவோர் ஞாயிறுதோறும் ஒருவர் என முறை வைத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் பிள்ளைகளுடன் பல்கலைக் கழகத்தின் பாடப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். முதற் பருவத்திற்கு நான்கு பாடங்களை ஒவ்வொரு பிள்ளையும் தேர்ந்து, ஏன் இவை என்று ஒரு பக்கம் எழுதட்டும். தமிழ்வழியில் படித்தவர்க்கு ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியும் அவ்வழியே அமையும். அந்தப் பக்கத்தை எழுத முடிந்தவர் விண்ணப்பிக்கட்டும்.

நாள் கணக்கைக் கூறி அமர்கின்றோம். பிரவுனுக்கு இரு வழிகளில் விண்ணப்பிக்கலாம். நவம்பர் முதல் நாளுக்குள் விண்ணப்பிப்பது ஒன்று. அதில் இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையொப்பமிட வேண்டும். ஜனவரி முதல் வாரத்திற்குள் விண்ணப்பிப்பது மற்றொன்று. அதில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. பல கல்லூரிகளின் உதவித் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நம் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதே ஏற்றது. எஸ்.ஏ.டி. முதலிய நுழைவுத் தேர்வை அவர்கள் 2024 இல் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆயத்தமாக வேண்டும். விண்ணப்பக் கட்டணத்திற்கு விலக்குக் கோரலாம். உதவி வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெரிவித்துவிட வேண்டும். வருமானச் சான்றும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்கப்படும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அவற்றுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்திலேயே மனுக் கொடுத்துவிடுங்கள்.